கதவு தட்டப்படும் வேளை

நாகலாபுரத்தில் ஒரு வீட்டில் இரவுச் செபமாலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் தேவ இரகசியம் பாதியில் இருக்கும்போது வாசலில் பைக் சத்தம். பின்தெருப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. துணைக்கு விவரம் தெரிந்த ஒரு பெண் வேண்டும், கையில் பணமும் போதவில்லை. பிச்சாட்டூர் வழியாகப் புத்தூர் போவதா, சுருட்டப்பள்ளி தாண்டி ஊத்துக்கோட்டை போவதா, நேரே திருப்பதி ருயா ஆஸ்பத்திரிக்கே போய்விடுவதா என்று வாசலிலேயே பேச்சு நடக்கிறது. ஆந்திரத்து ஊர்தான். ஆனாலும் தமிழகம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் வந்தவர் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் கெஞ்சுகிறார். வீட்டம்மா செபமாலையை மாதா படத்தின் முன் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கிளம்புகிறார்.

அந்தச் செபமாலை பாதியில் நின்றுபோயிற்றா? நின்றுபோயிற்று என்று வருந்துகிறவர்கள் நம் பங்குகளில் இன்றும் உண்டு. பக்தி மிகுந்தவர்கள்தான் அப்படி வருந்துகிறார்கள் என்பதால் அந்த வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கத்தோலிக்க மரபு இந்தக் கேள்வியை நூற்றாண்டுக்கணக்கில் யோசித்திருக்கிறது. அது தந்திருக்கும் விடை, நாம் நினைப்பதைவிடத் துணிச்சலானது.

நாகலாபுரம், கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் என்பது வழிவழிச் செய்தி. இங்குள்ள வேதநாராயணர் கோயிலில் மார்ச் மாதக் கடைசியில் மாலை வெயில் கருவறை வரைக்கும் எட்டி, ஒவ்வொரு நாளாகப் பாதத்திலும் நாபியிலும் முடியிலும் விழுகிறது. அதைக் காண ஊரே கூடி நிற்கும். நாள் குறித்து வருகிற ஒளியை எதிர்கொள்ள இந்த மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள் குறிக்காமல், வேளைகெட்ட வேளையில் வருகிற மனிதரை எப்படி எதிர்கொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து தொடங்குகிறேன். தொழுகைக்கூடத் தலைவர் யாயிர், சாகக் கிடக்கும் மகளுக்காக இயேசுவின் காலில் விழுகிறார். இயேசு உடனே புறப்படுகிறார். வழியில் கூட்டம் நெருக்குகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வதைபட்ட ஒரு பெண் பின்னாலிருந்து அவர் ஆடையைத் தொடுகிறாள், குணமாகிறாள். அவ்வளவில் நடந்துகொண்டே போயிருக்கலாம். ஆனால் இயேசு நிற்கிறார். யார் தொட்டது என்று கேட்கிறார். நடுங்கிக்கொண்டு முன்வந்த அந்தப் பெண் தன் கதை முழுவதையும் சொல்லும்வரை நிற்கிறார். நான் எப்போதும் யாயிரையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு நொடியும் மகளின் உயிர் போய்க்கொண்டிருக்க, அந்தத் தகப்பன் பக்கத்தில் நிற்கிறான். அவன் ஒரு வார்த்தை பேசியதாக நற்செய்தி சொல்லவில்லை. அங்கேயே செய்தியும் வந்துவிடுகிறது, மகள் இறந்துவிட்டாள் என்று. சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்று மாற்கு பிறகு குறிப்பிடுகிறார். அந்தப் பெண் நோயில் விழுந்த ஆண்டில்தான் இந்தச் சிறுமி பிறந்திருக்கிறாள். இருவரும் எழுந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஒருவருக்காக நிற்கும்போது இன்னொருவர் காத்திருந்து தவிக்கிறார் என்பதை இந்தப் பகுதி ஒளிக்கவே இல்லை.

இதைப் படித்து வளர்ந்த துறவிகள், குறுக்கீட்டை அவரவர் நல்ல குணத்துக்கு விட்டுவைக்கவில்லை. ஒழுங்குமுறையாகவே எழுதிவைத்தார்கள். எகிப்திய மடங்களைப் பற்றி எழுதிய காசியான் ஒரு நுட்பமான செய்தி தருகிறார். எழுதிக்கொண்டிருக்கும் துறவி, கதவு தட்டும் ஓசையோ செபத்துக்கோ வேலைக்கோ அழைக்கும் ஓசையோ கேட்டால், தொடங்கிய எழுத்தைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவாராம். புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய சட்டநூலில் வாயிற்காப்போனுக்கென்றே 66ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். வாசலில் வைக்கப்பட வேண்டியவர் விவேகமுள்ள ஒரு முதியவர். ஏழை ஒருவர் குரல் கொடுத்ததும் அவர் இறைவனுக்கு நன்றி சொல்லித்தான் பதில் தர வேண்டும். மடத்தின் கடைசி வேலை என்று நாம் நினைக்கக்கூடிய ஒன்றுக்கு அவர் பக்குவப்பட்ட மனிதரைக் கேட்கிறார். மயோர்க்காத் தீவில் இயேசு சபைக் கல்லூரியின் வாயிற்காப்பாளராகப் பல பத்தாண்டுகள் இருந்த சகோதரர் அல்போன்சு ரொட்ரிகசை 1888இல் திருச்சபை புனிதராக அறிவித்தது. அவர் பெரிய மறைப்பணிப் பயணம் எதுவும் செய்தவரல்லர். மணி அடிக்கும்போதெல்லாம் வாசலில் நிற்பவர் ஆண்டவரே என்று நினைத்து எழுந்து போனார். புனிதர் பட்டத்துக்கு அவரைக் கொண்டுசேர்த்த பணி அதுதான்.

வின்சென்ட் தே பவுல் இதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். நம் பங்குகளில் ஞாயிறுதோறும் கூடி ஏழை வீடுகளைச் சந்திக்கிற வின்சென்ட் தே பவுல் சபைக்குப் பெயர் தந்தவர் அவர். 1633இல் லூயிஸ் தெ மரியாக்கோடு சேர்ந்து அவர் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபையின் சகோதரிகளுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன அறிவுரை இது: செபவேளையில் ஏழை நோயாளி கூப்பிட்டால் தயங்காமல் போங்கள், அப்போது நீங்கள் கடவுளை விட்டுவிட்டு அதே கடவுளிடம்தான் போகிறீர்கள். இதைக் கேட்ட பிறகு மாதா படத்தின் முன் வைக்கப்பட்ட செபமாலையைப் பற்றி நான் வருந்தமாட்டேன்.

தமிழ் மண்ணிலிருந்தும் சான்று இருக்கிறது. 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், அந்த மாதக் கடைசியில் தூத்துக்குடியிலிருந்து இஞ்ஞாசியாருக்குக் கடிதம் எழுதினார். செபங்களைக் கற்றுத்தரும்வரை சிறுவர்கள் தம்மைக் கட்டளைச் செபம் சொல்லவும் விடவில்லை, உண்ணவும் விடவில்லை, உறங்கவும் விடவில்லை என்கிறார். முறையீடாகத் தொடங்கும் அந்த வரி, விண்ணரசு இத்தகையோருக்கே உரியது என்பதைத் தாம் இப்போதுதான் புரிந்துகொள்ளத் தொடங்கியதாக முடிகிறது. பாரிசில் படித்துப் பட்டம் பெற்ற குருவுக்கு மீனவப் பிள்ளைகள் நற்செய்தியை விளக்கியிருக்கிறார்கள். அதே கடிதத்தில் வழியில் நேர்ந்த இன்னொரு நிகழ்ச்சியும் வருகிறது. ஓர் ஊரில் ஒரு பெண் மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தம் பயணத்தை நிறுத்திவிட்டு அந்த வீட்டுக்குள் போகிறார். செபித்துத் திருமுழுக்குத் தருகிறார், அவளுக்குக் குழந்தை பிறக்கிறது. காயல்பட்டினத்துக்கு அருகிலுள்ள கொம்புத்துறைதான் அந்த ஊர்.

சவேரியார் போன பிறகும் கதவு தட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைத் திறந்தவர்கள் பெரும்பாலும் உபதேசியார்கள். தெற்கே மதுரை மிஷனிலும் வடக்கே தெலுங்கு நாட்டைத் தொட்ட கர்நாடக மிஷனிலும் குரு ஒருவர் ஓர் ஊருக்கு ஆண்டில் சில நாள்தான் வர முடிந்தது. மற்ற நாள்களில் சாவுக்கும் பிறப்புக்கும் பக்கத்தில் இருந்தவர் உபதேசியார். வீரமாமுனிவர் அவர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார் என்றால் அந்தப் பணியின் கனத்தை அவர் அறிந்திருந்தார் என்றே பொருள். சாகக் கிடக்கும் குழந்தைக்கு, குரு இல்லாத இடத்தில், யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் இன்றும் சொல்கிறது. அவசரம் வந்தால் யார் கையும் போதும் என்று அது ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் அந்தச் சட்டமே ஒரு கதவை நெடுங்காலம் சாத்திவைத்திருந்தது. துறவறப் பெண்கள் மருத்துவராகப் பணிபுரிவதும் பிரசவம் பார்ப்பதும் தடுக்கப்பட்டிருந்தன. ஆண் மருத்துவர் முன் வரத் தயங்கிய இந்தியப் பெண்களுக்கு இதன் விளைவு மரணமாகவே இருந்தது. இதை முதலில் உலகுக்கு உரக்கச் சொன்னவர் ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன். அவர் 1913இல் காலமானார். 1915 அக்டோபரில் மெல்போர்னில், கண் மருத்துவராக நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருந்த மேரி குளோரி என்ற இளம் மருத்துவரின் கைக்கு மக்லாரனைப் பற்றிய சிறு நூல் ஒன்று வந்தது. படித்து முடித்தபோது தம் வாழ்க்கையின் வேலை எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. போர்க்காலம் முடியும்வரை காத்திருந்தார். வெறுமனே காத்திருக்கவில்லை, மகப்பேறு மருத்துவத்திலும் கண் மருத்துவத்திலும் மேல்பட்டம் பெற்றார். 1920 பிப்ரவரியில் குண்டூர் வந்து சேர்ந்தார்.

குண்டூர் நம் நாகலாபுரத்துக்குச் சில மணி நேரப் பயணம்தான். அங்கே அவர் இயேசு மரி சூசை சபையில் சேர்ந்து திருஇருதய மேரி ஆனார். துறவியாக இருந்துகொண்டே மருத்துவம் பார்க்கத் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பரின் தனி அனுமதி அவருக்குக் கிடைத்தது. அந்தச் சபையின் சிறு மருந்தகம் அவர் காலத்தில் சூசையப்பர் மருத்துவமனையாக வளர்ந்தது. உள்ளூர்ப் பெண்களை மருந்து கலக்கவும் பிரசவம் பார்க்கவும் செவிலியராகவும் பழக்கினார். மாட்டுவண்டியில் கிராமங்களுக்குப் போனார். துறவு மடத்தின் நாள் மணிக்கணக்கில் ஒழுங்குபட்டது. பிரசவமோ எந்த மணிக்கும் கட்டுப்படாதது. இவ்விரண்டையும் ஒரே உடம்பில் தாங்கி முப்பது ஆண்டுக்கு மேல் நடந்தார் அவர். இதற்கிடையே ராவல்பிண்டியில் பணிபுரிந்த அன்னா டெங்கல் போன்றோரும் உரோமையின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 1936 பிப்ரவரியில் அந்தத் தடை நீங்கியது. 1943இல் குண்டூரில் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் பிறந்தபோது மேரி குளோரியே அதன் முதல் தலைவர். 1957இல் பெங்களூரில் இறந்தார். 2013இல் இறை ஊழியர் என்று அறிவிக்கப்பட்டார். தெலுங்கு நாட்டுக் கர்ப்பிணிகளின் வலி ஒரு திருச்சபைச் சட்டத்தைத் திறந்த வரலாறு என்றே நான் இதைப் படிக்கிறேன்.

எல்லாக் குறுக்கீடும் இப்படிப் பெரிதாக இருப்பதில்லை. 1897 ஜூனில், காசநோய் முற்றிய நிலையில் மடத் தோட்டத்தில் அமர்ந்து குழந்தை இயேசுவின் தெரசா தம் கடைசிக் குறிப்புகளை எழுதினார். வைக்கோல் உலர்த்தப் போகும் சகோதரிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து அன்பாகப் பேச்சுக் கொடுத்தார்கள். நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத முடியவில்லை. எரிச்சல்படாமல், இந்தத் தடங்கலையே தாம் விரும்பி எதிர்பார்ப்பதாக எழுதி, சிரித்த முகத்தோடு இருந்தார். மூன்று மாதத்தில் சாகப்போகிறவர் இதைச் செய்தார் என்பது எனக்கு எந்த அற்புதத்தைவிடவும் பெரியது.

இதனால் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓட வேண்டும் என்றாகிவிடாது. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் சொல்லும்போது, இயேசு திரும்பிப் போகாமல் அடுத்த ஊர்களுக்குப் புறப்படுகிறார். விடியுமுன் தனியே செபித்த பிறகு அவர் எடுத்த முடிவு அது. செபிக்காதவருக்கு எந்தக் குரல் அழைப்பு, எது வெறும் இரைச்சல் என்று பிரித்தறிவது கடினம். நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும் கைபேசி நம் கவனத்தைத் தின்கிறது. அதன் மறுமுனையில் பெரும்பாலும் தேவையில் இருக்கும் மனிதர் யாரும் இல்லை. அதற்குத் தெரசாவின் பொறுமையைக் காட்ட வேண்டியதில்லை, அணைத்து வைத்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குறுக்கீட்டை வரவேற்பது புண்ணியம் என்று நாம் பிரசங்கம் கேட்கிறோம். நடைமுறையில் அந்தப் புண்ணியத்தின் சுமை யார் தலையில் இறங்குகிறது? மடத்துச் சகோதரிகள், உபதேசியாரின் மனைவி, குடும்பத்துப் பெண்கள். பூசை நேரத்தில் அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்பவர் அநேகமாகத் தாய்தான். கைக்குழந்தையைப் பராமரிப்பதற்காகக் கடன்திருநாள் திருப்பலிக்கு வர முடியாமற்போனால் அது தகுந்த காரணமே என்று மறைக்கல்வி ஏடு 2181ஆம் எண்ணில் சொல்கிறது. இதை எத்தனை தாய்மாருக்கு நாம் சொல்லியிருக்கிறோம்? பூசை தவறிவிட்டது என்று குற்ற உணர்வோடு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருகிறவர்களில் அவர்கள்தானே முன்னால் நிற்கிறார்கள்.

சித்தூர்ப் பகுதிக் கத்தோலிக்கர் 1976இல் உருவான கடப்பா மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். எண்ணிக்கையில் சிறியவர்கள், ஊர் ஊராகச் சிதறி வாழ்கிறவர்கள். ஒரு குருவின் பொறுப்பில் கிளைக் கிராமங்கள் பல. மழைக்காலத்தில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்ற ஆண்டுகளை இந்தப் பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். சாமியார் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாத ஊர்கள் இவை. ஆகவே ஆசீர்வாதப்பரின் வாயிற்காப்போனை இங்கே நிறுவ நான் ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு கிராமக் கோயில் சுவரிலும் தெலுங்கிலும் தமிழிலும் ஒரு தாள் ஒட்டப்படட்டும். இந்த வாரம் இரவில் எந்த வீட்டைத் தட்டலாம், யாரிடம் வண்டி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு யார் துணை வருவார், யாருடைய இரத்தம் எந்த வகை என்று அதில் எழுதியிருக்கட்டும். தட்டுகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று யாரும் கேட்க வேண்டாம். வாரம் ஒரு குடும்பமாக முறை மாறட்டும். முதல் மாதத்துக்கு ஆண்கள் பெயர் கொடுக்கட்டும்.