ஆவணப்பட ஒலிப்பதிவு

ஆவணப்பட ஒலிப்பதிவு என்பது, ஆவணப்படம் எடுக்கப்படும் இடத்திலேயே பேசுவோரின் குரலையும் சுற்றுப்புற ஒலிகளையும் பதிவு செய்யும் முறையாகும். நிகழ்படக் கருவியில் (கேமரா) உள்ளமைந்த ஒலிவாங்கியை (மைக்) விட, தனியே இணைக்கப்படும் புற ஒலிவாங்கியே இதற்கு ஏற்றது. கதைப்படங்களில் தெளிவற்ற உரையாடலைப் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் பேசிச் சேர்க்கலாம். ஆவணப்படத்தில் ஒருவர் தம் வாழ்வைப் பற்றி ஒருமுறை கூறியதை அவ்வாறு மீண்டும் பெற இயலாது.

வரலாறு

ஒலிப்பதிவுக் கருவிகள் பெரியனவாக இருந்த காலத்தில், ஆவணப்படங்களில் பெரும்பாலும் விளக்கவுரையாளரின் குரலே ஒலித்தது. ஏ. கே. செட்டியார் உருவாக்கிய காந்தி பற்றிய ஆவணப்படம் 1940 இல் தமிழ் விளக்கவுரையுடன் வெளிவந்தது. தோளில் சுமக்கத்தக்க நாக்ரா ஒலிநாடாப் பதிவுக் கருவி இந்நிலையை மாற்றியது. ழான் ரூஷ், எட்கார் மோரன் ஆகியோரின் 1961 ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆவணப்படம் ஒன்றில், பெண் ஒருவர் இக்கருவியைத் தாமே சுமந்து பாரிசில் நடந்தபடி பேசுவது பதிவாகியுள்ளது.

மதுரையில் 1998 முதல் மறுபக்கம் அமைப்பு ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வருகிறது. இதனைத் தொடங்கிய அமுதன் ஆர். பி., மதுரைத் தெரு ஒன்றில் மலம் அகற்றும் பெண் தொழிலாளியைப் பற்றி 'பீ' (2003) என்னும் படத்தை எடுத்தார். இவ்வகைப் படங்களில் தொழிலாளியின் சொந்தச் சொற்களே சான்றாக அமைவதால், அவை தெளிவாகக் கேட்பது இன்றியமையாதது.

தொலைவின் தாக்கம்

திறந்தவெளியில், ஒலி மூலத்திலிருந்து உள்ள தொலைவு இரட்டிப்பாகும்போது ஒலியளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. 2 மீட்டர் தொலைவில் உள்ள கேமராவுக்குப் பதிலாக, 25 சென்டிமீட்டர் தொலைவில் ஒலிவாங்கியை வைத்தால் குரல் ஏறத்தாழ 18 டெசிபல் மிகுதியாகப் பதியும். சுற்றுப்புற இரைச்சல் மாறாது. எனவே விலையுயர்ந்த ஒலிவாங்கியைத் தொலைவில் வைப்பதை விட, எளிய ஒலிவாங்கியை அருகில் வைப்பது நன்று.

பேச்சுத் தமிழில் இது மேலும் முக்கியமாகும். 'வந்தான்', 'வந்தாள்' ஆகிய சொற்களின் இறுதி மெய்கள் பேச்சில் தேய்கின்றன. 'வந்தான்' என்பதன் இறுதியில் எஞ்சும் மெல்லிய மூக்கொலியே பெரும்பாலும் இவற்றை வேறுபடுத்துகிறது. அது இரைச்சலில் மறைந்தால் பேசப்படுபவர் ஆணா பெண்ணா என்பதே தெரியாமல் போகலாம்.

ஒலிவாங்கி வகைகள்

காலர் மைக்: சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ, மோவாய்க்கு ஒரு சாண் கீழே பொருத்தப்படுவது. நேர்காணலுக்கு ஏற்றது. துணியும் நகையும் உரசாதவாறு பொருத்த வேண்டும்.

ஷாட்கன் மைக்: முன்புற ஒலியை மிகுதியாகவும் பக்கவாட்டு ஒலியைக் குறைவாகவும் ஏற்பது. நீண்ட கோலில் மாட்டி, சட்டகத்திற்குச் சற்று மேலே, பேசுபவரின் வாயை நோக்கிப் பிடிக்கப்படும். இது தொலைவில் உள்ள ஒலியை அருகில் கொண்டுவரும் என்பது தவறான கருத்தாகும். எதிரொலி மிகுந்த அறைகளில் இதன் பயன் குறைவு.

கை மைக்: வாய்க்கு அருகில் பிடித்துப் பேசுவது. கூட்ட இரைச்சலில் பயன்படும்.

மதுரைச் சூழலில்

காற்று: தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், குறிப்பாக ஆடி மாதத்தில், மதுரையைச் சுற்றிய சமவெளியில் காற்று பலமாக வீசும். இது ஒலிவாங்கியில் மோதி உறுமல் போன்ற ஒலியை உண்டாக்கும். பஞ்சுறை மட்டும் போதாது. அதன்மேல் மென்மயிர் உறையும் வேண்டும். சுவரின் மறைவில் நின்று பதிவு செய்வதும் உதவும்.

ஒலிபெருக்கி: சித்திரைத் திருவிழா, கோவில் கொடை நாட்களில் பாடல்கள் இடைவிடாது ஒலிக்கும். பின்னணியில் பாடல் இருந்தால், பேச்சை வெட்டும் இடத்திலெல்லாம் பாடலும் துண்டுபட்டுத் தொகுப்பில் தெரிந்துவிடும். தேநீர்க் கடை அருகிலும் இதே சிக்கல் எழும்.

சல்லிக்கட்டு: அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய இடங்களில் வருணனையாளரின் ஒலிபெருக்கி மற்ற ஒலிகளை மூழ்கடிக்கும். ஆரவாரத்தைக் களத்திலும், மாடு வளர்ப்போரின் பேச்சை அவர்களது தொழுவத்திலும் பதிவு செய்வது ஏற்றது.

கட்டடங்கள்: திருமலை நாயக்கர் அரண்மனை போன்ற உயர்ந்த கூரையுடைய கட்டடங்களில் எதிரொலி மிகும். வீடுகளில் மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும், வீட்டார் இசைவுடன், பதிவு முடியும் வரை நிறுத்தி வைக்கலாம்.

பதிவு செய்யும் முறை

* ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்த வேண்டும். இல்லையெனில் பேச்சின் இடைவெளிகளில் இரைச்சல் உயரும்.
* பேச்சின் உச்ச அளவை ஏறத்தாழ −12 டெசிபலில் வைப்பது வழக்கம். எண்முறைப் பதிவில் 0 டெசிபலைத் தாண்டும் ஒலி சிதைவதுடன், பின்னர் முழுமையாகச் சீராக்கவும் இயலாது.
* பதிவு முழுவதையும் ஹெட்போனில் கேட்க வேண்டும். கம்பி தளர்வதும் மின்கலம் தீர்வதும் உடனே தெரியவரும்.
* தனிக் கருவியில் ஒலி பதியப்பட்டால், தொடக்கத்தில் கேமரா முன் ஒருமுறை கைதட்ட வேண்டும். இதைக்கொண்டு படத்தையும் ஒலியையும் பொருத்தலாம்.
* பேச்சு முடிந்தபின், அவ்விடத்தின் அமைதியை 30 நொடிகளாவது பதிவு செய்ய வேண்டும். வெட்டுகளை இணைக்க இது பயன்படும்.

இவற்றையும் பார்க்க

* ஆவணப்படம்
* ஒலிவாங்கி
* படத்தொகுப்பு