கடலோர நிலத்தின் விலையும் மீனவர் வரியும்

வருவாய்க்கு ஏற்ப விதிக்கப்படுவதே வரி என்பது பலர் எண்ணம். நிலவரி பல நாடுகளில் அவ்வாறு அமைவதன்று. உடையவன் அந்நிலத்தால் எவ்வளவு ஈட்டுகிறான் என்று அது கேட்பதில்லை. சந்தையில் விற்றால் என்ன விலை போகும் என்றே கேட்கிறது. இக்கேள்வி ஒரு தொழிலையே கரையிலிருந்து அகற்றிவிடக் கூடும் என்பதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில் உள்ள மேய்ன் மாநிலத்தின் வரலாறு சான்றாகும்.

1820-இல் மாசாசூசெட்சிலிருந்து பிரிந்து தனி மாநிலமானது மேய்ன். அதன் கரை குடாக்களாலும் தீவுகளாலும் நெளிந்து வளைந்தது. வளைவுகளையெல்லாம் கூட்டி அளந்தால் ஏறத்தாழ 5,300 மைல் வரும் என்பர். அங்குப் பேர்பெற்ற தொழில் பெருங்கொடுக்குடைய சிங்கி இறால் பிடித்தல். இதில் ஒரு சிறப்பு உண்டு. உரிமம் பெற்றவரே படகில் செல்லவேண்டும். ஒருவர் 800 பொறிகளுக்கு மேல் கடலில் இடலாகாது. ஆதலின் பெருநிறுவனம் ஒன்று நூறு படகுகளை வைத்துத் தொழிலைக் கைப்பற்ற வழியில்லை. தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியுமாகச் செய்யும் சிறுதொழிலாகவே அது நிலைத்தது. ஆயினும், எத்துணைச் சிறிய மீனவனுக்கும் கரையில் ஒரு பிடி இடம் வேண்டும்: படகு அணைய ஒரு துறை, இரைமீன் வைக்க ஒரு கொட்டகை, குளிர்காலத்தில் கரையேற்றிய பொறிகளை அடுக்க ஒரு முற்றம். கடல் பொதுவுடைமை, கரையோ தனியுடைமை.

அந்த ஒரு பிடி இடத்திற்கே ஆபத்து வந்தது. நிலவரி அனைத்தும் நியாயமான மதிப்பின்படி சமமாக விதிக்கப்படவேண்டும் என்பது மேய்ன் அரசியல் சட்டத்தின் கட்டளை. மலேசியாவில் பெரும்பாலான நகராண்மைக் கழகங்கள் ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடகையைக் கொண்டு மதிப்பீட்டு வரி விதிப்பதை வாசகர் அறிவர். மேய்னிலோ விற்பனை விலையே அளவுகோல். கடலோரப் பாறை நிலத்தை விரும்புவார் இல்லாத காலத்தில் அவ்விதியால் எவர்க்கும் தீங்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருநகரச் செல்வர் கோடைவீடு கட்டக் கரைநிலம் தேடி வந்தனர். விலை ஏறியது. பக்கத்து நிலத்தை ஒருவர் பெருந்தொகைக்கு விற்றால், மீனவனின் துறையும் அவ்விலை பெறும் என்று மதிப்பிடப்பட்டது. அவன் பிடித்த இறாலில் ஒன்றுகூட மிகவில்லை. வரி மட்டும் மிகுந்தது. சமம் என்ற சொல்லே அவனுக்குப் பகையாயிற்று எனலாம்.

போர்ட்லாந்து நகரில் துறைமுகப் பகுதியில் அடுக்குவீடுகள் எழக் கண்ட மக்கள், 1987-இல் வாக்களித்து, கடல்தொழில் சாராத புதுக் கட்டடங்களை அங்கு ஐந்தாண்டுகளுக்குத் தடுத்தனர். அது ஒரு நகரின் தற்காப்பே. வரிச்சுமையை அது தொடவில்லை.

வரியைக் குறைக்க அரசியல் சட்டத்தையே திருத்தவேண்டியிருந்தது. உழவு நிலம், காடு, திறந்தவெளி ஆகியவற்றை விற்பனை விலையால் அன்றி, இப்போதைய பயனால் மதிப்பிடலாம் என்ற திருத்தம் 1970-லேயே வந்துவிட்டது. ஏர் பிடித்தவனுக்குக் கிடைத்த நீதி வலை பிடித்தவனுக்குக் கிடைக்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின! 2000-இல் மீன்பிடி நிலத்திற்கும் அச்சலுகை வேண்டும் என்ற முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. 2005 நவம்பரில் மீண்டும் முன்வைக்கப்பட்டபோது, வாக்களித்தவருள் நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டோர் ஆதரித்தனர்.

2007-இல் அமைந்த சட்டம் இவ்வாறு கணக்கிடுகிறது. மீன்பிடித் தொழிலுக்கென்றே கைமாறும் துறைநிலங்களின் விலை தெரியுமாயின் மதிப்பீட்டாளர் அதனைக் கொள்ளலாம். அத்தகைய விற்பனை அரிது. ஆதலின், நிலத்தில் பாதிக்கு மேல் மீன்பிடித் தொழிலுக்குப் பயன்பட்டால் மதிப்பில் நூற்றுக்கு 10, 90-க்கு மேல் பயன்பட்டால் 20 என்று கழிக்கும் முறையும் வைக்கப்பட்டது. இனி என்றும் வேறு பயனுக்கு விடுவதில்லை என்று பத்திரம் எழுதிக் கொடுத்தவர்க்கு மேலும் 30 கழியும். நீரை ஒட்டிய நிலத்திற்கே இச்சலுகை; சாலைக்கு அப்பால் பொறி அடுக்கும் முற்றத்திற்கு இல்லை. அன்றியும், சலுகை பெற்றபின் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால் தண்டம் உண்டு. முந்தைய ஐந்தாண்டுகளுக்கு முழு மதிப்பில் கட்டியிருக்கவேண்டிய வரியில் கட்டியது போக எஞ்சியதை வட்டியோடு செலுத்தவேண்டும் என்பது அதன் குறைந்த அளவு. செல்வர் சலுகையை அனுபவித்துப் பின் நிலத்தை விற்று ஓடாதிருக்க இவ்விதி வேண்டியதே. ஆயினும் முதுமையில் துறையை விற்றே பிழைக்கவேண்டிய மீனவன் இதனைக் கண்டு தயங்குதலும் இயல்பே. நூற்றுக்குப் பத்துக் கழிவுக்காக அவன் தன் ஒரே சேமிப்பைக் கட்டிப்போடுவானா?

5,300 மைல் கரையில் மீன்பிடித் தொழிலுக்கு உதவும் இடம் சுமார் 20 மைலே எஞ்சியுள்ளது என்று, தீவுக் கழகம் என்னும் அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. வரிக்குறைப்பு மட்டும் போதாது என்பதை மாநிலமும் முன்பே உணர்ந்திருந்தது. 2005 வாக்கெடுப்பிலேயே, துறைகளைக் காக்க 20 இலட்சம் டாலர் கடன்பத்திர நிதிக்கு மக்கள் இசைந்தனர். துறை மீனவரிடமே இருக்கும். அதனை வேறு பயனுக்கு மாற்றும் உரிமையை மட்டும் அரசு விலைகொடுத்து வாங்கிக்கொள்ளும். மீனவன் கையில் பணம் சேர்வதால், வரிச் சலுகையினும் இதுவே செறிவான உதவி.

2024 சனவரி 10, 13 ஆகிய நாள்களில் பெருங்காற்றும் கடல்பெருக்கும் சேர்ந்து மேய்ன் கரையின் துறைகள் பலவற்றைப் பெயர்த்தெறிந்தன. இடிந்த துறைக்கு வரியைக் குறைத்துப் பயனில்லை. அவற்றை உயர்த்திக் கட்ட மாநில அரசு மானியம் வழங்க முன்வந்தது.