பேட்டரி மாறியது, பழக்கம் மாறவில்லை – ரிமோட் கார் பந்தயத்தின் கதை

ரிமோட் கார் என்றதும் நம்மில் பலருக்குப் பிறந்தநாள் பரிசாக வந்து, இரண்டே நாளில் சக்கரம் கழன்று போன பொம்மைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இதே மாதிரி கார்களை வைத்து உலக சாம்பியன் பட்டத்துக்கே போட்டி நடக்கிறது. அமெரிக்காவில் இதற்காக 'ரோர்' என்ற அமைப்பு 1967-லேயே தொடங்கப்பட்டது. உலக அளவில் 'இஃப்மார்' என்ற கூட்டமைப்பு 1979-ல் உருவானது. ஜப்பானின் மசாமி ஹிரோசாகா என்ற வீரர் மட்டும் 14 உலகப் பட்டங்கள் வென்றிருக்கிறார்!

இந்த விளையாட்டில் கார், மோட்டார், ஓட்டுபவரின் திறமை எல்லாவற்றையும் போலவே முக்கியமான ஒன்று உண்டு. அதுதான் பேட்டரி. எந்த பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு நாற்பது ஐம்பது வருடங்களில் மூன்று வெவ்வேறு பதில்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு முறை பதில் மாறியபோதும் ஒரு வேடிக்கை நடந்தது. பழைய பேட்டரிக்கு நல்லது செய்த பழக்கமே புதிய பேட்டரியைக் கொன்றது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் கட்டம்: நிக்கல்-காட்மியம்

நிக்கல்-காட்மியம் பேட்டரியை 1899-ல் சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் கண்டுபிடித்தார். ரிமோட் கார் பந்தயத்துக்கு அது வந்து சேர முக்கால் நூற்றாண்டு ஆனது. 1976-ல் ஜப்பானின் டாமியா நிறுவனம் போர்ஷே 934 மாதிரியில் மின்சார கார் ஒன்றை வெளியிட்டது. 1984-ல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்சி10 என்ற மண்தரைக் காரைக் கொண்டுவந்தது. மின்சார கார் பந்தயம் சூடு பிடித்தது இந்தக் காலகட்டத்தில்தான்.

அப்போது எல்லோரும் பயன்படுத்தியது 'சப்-சி' என்ற அளவுள்ள செல். கம்பியில்லா துளையிடும் கருவிகளுக்குள் இருக்குமே, அதே செல்தான். ஏறக்குறைய 23 மி.மீ. விட்டம், 43 மி.மீ. உயரம். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட். ஆறு செல்களை வரிசையாக இணைத்தால் 7.2 வோல்ட்.

இப்போது ஒரு சின்ன கணக்கு. அந்தக் காலத்து செல்லின் கொள்ளளவு 1200 மில்லி ஆம்பியர் மணி. பந்தயம் 4 நிமிடம். அதாவது ஒரு மணி நேரத்தில் 15-ல் ஒரு பங்கு. முழு மின்சாரத்தையும் 4 நிமிடத்தில் தீர்க்க வேண்டுமென்றால் சராசரியாக 18 ஆம்பியர் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் கடைசிச் சுற்றில் கார் நடுவழியில் படுத்துவிடும். ஆகவே அன்றைய பந்தயம் வேகப் போட்டி மட்டுமல்ல, சிக்கனப் போட்டியும்கூட. நம் வீட்டில் மாதக் கடைசிவரை சம்பளத்தை இழுத்துப் பிடிப்பது போல! பல் சக்கரத்தில் ஒரு பல் அதிகம் வைத்தாலும் வேகம் கிடைக்கும், ஆனால் கார் முடிவுக்கோட்டைத் தாண்டாது.

காட்மியம் பேட்டரிக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அது முரட்டு ஆசாமி. பந்தயம் முடிந்ததும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக, சின்ன பல்பு அல்லது மின்தடை வைத்து, சுத்தமாகக் காலி செய்து வைப்பார்கள். காலியாக வைத்தால்தான் அதற்கு நல்லது. சார்ஜ் செய்வதும் சுலபம். செல் நிரம்பியதும் அதன் வோல்ட் அளவு லேசாகக் கீழே இறங்கும். சார்ஜர் அந்த இறக்கத்தைப் பார்த்துத் தானாக நின்றுவிடும்.

பணக்காரனின் பேட்டரி

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த செல்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் உள்மின்தடை கொஞ்சம் மாறும். ஒரு செல்லுக்கு 5 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு செல்லுக்கு 30 மில்லி ஓம். 30 ஆம்பியர் ஓடும்போது 0.9 வோல்ட் உள்ளேயே வீணாகிவிடும். 7.2 வோல்ட்டில் அது எட்டில் ஒரு பங்கு! பள்ளியில் படித்த ஓம் விதி இங்கே வெற்றி தோல்வியையே முடிவு செய்தது.

எனவே ஏராளமான செல்களை வாங்கி, ஒவ்வொன்றையும் கணினியில் சோதித்து, ஒன்றுபோல் இருக்கும் ஆறை மட்டும் பொறுக்கி விற்பது ஒரு தனித் தொழிலாகவே ஆனது. அந்தச் செல்லின் மேல் எத்தனை விநாடி ஓடும், சராசரி வோல்ட் எவ்வளவு என்று சீட்டு ஒட்டியிருக்கும். உள்மின்தடையைக் குறைப்பதற்காக மிகப்பெரிய மின்னோட்டத்தை ஒரு நொடிக்கும் குறைவாகச் செலுத்தும் வித்தையும் இருந்தது. முதல் தரம் நிறுவன அணிகளுக்குப் போகும், மிச்சம் கடைக்கு வரும். சாதாரணமாகக் கடையில் வாங்கியவர் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் நேர்பாதையில் பின்தங்கினார்.

இரண்டாம் கட்டம்: நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு

1989, 1990 வாக்கில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி விற்பனைக்கு வந்தது. அதே அளவு, அதே 1.2 வோல்ட். ஆனால் உள்ளே மின்சாரம் அதிகம். பந்தயத்தில் 2000-ஆம் ஆண்டையொட்டி 3000 என்ற எண் வந்தது. பிறகு 3300, 3800, 4200 என்று ஏறிக்கொண்டே போனது. 3300 கொள்ளளவை 5 நிமிடப் பந்தயத்தில் செலவழித்தால் சராசரி கிட்டத்தட்ட 40 ஆம்பியர்! சிக்கனக் காலம் முடிந்தது.

காட்மியத்துக்கு வேறொரு பிரச்சினையும் இருந்தது. அது நச்சு உலோகம். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி, 2008 முதல் சில விதிவிலக்குகள் தவிர சிறிய பேட்டரிகளில் காட்மியம் தடை செய்யப்பட்டது. பந்தய மைதானம் அதற்கு முன்பே மாறிவிட்டிருந்தது.

ஆனால் கைகள் மாறவில்லை. பழைய வழக்கப்படி செல்லை முற்றிலும் காலி செய்து மாதக்கணக்கில் வைத்தார்கள். புதிய செல்லுக்கு அது ஆகாது. கொஞ்சம் சார்ஜோடு வைக்க வேண்டும். தானாகவே மின்சாரம் கசிந்து போகும் குணமும் அதற்கு உண்டு என்பதால், மறந்து மூலையில் வைத்தாலும் கெடும். நிரம்பும்போது வோல்ட் இறங்குவதும் முன்பைவிடக் குறைவு. பழைய சார்ஜர் அதைக் கவனிக்காமல் விட்டால் செல் கொதித்துப்போகும்.

மூன்றாம் கட்டம்: லித்தியம் பாலிமர்

லித்தியம் அயனி பேட்டரியை 1991-ல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. (அதற்கு அடித்தளம் இட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.) அதன் தட்டையான தம்பிதான் லித்தியம் பாலிமர், சுருக்கமாக லிப்போ. 2000-களின் பிற்பகுதியில் இது கார் பந்தயத்துக்குள் நுழைந்தது. மோதல் நடக்கும் விளையாட்டு என்பதால் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட். இரண்டு செல் போதும், 7.4 வோல்ட் கிடைத்துவிடும். ஆறு உருளைகள் 400 கிராமுக்கு மேல் இருந்த இடத்தில் இது ஏறக்குறைய 300 கிராம்தான். எடை குறைந்ததில் ஒரு தலைவலியும் வந்தது. சாலைக் கார்களில் ஒருபக்கம் பேட்டரி, மறுபக்கம் மோட்டார் என்று தராசு போல வடிவமைத்திருந்தார்கள். பேட்டரி இலேசானதும் தராசு சாய்ந்தது. ஈயத் துண்டுகளை ஒட்டி சமன் செய்ய வேண்டியதாயிற்று!

இந்த முறை பழைய பழக்கம் பேட்டரியை மட்டும் கெடுக்கவில்லை, ஆபத்தையே கொண்டுவந்தது. லிப்போ செல்லை 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் கெட்டுவிடும், வீங்கிவிடும். 'காலி செய்து வை' என்ற பழைய வேதவாக்கு இங்கே மரண தண்டனை. பாதி சார்ஜில், செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட்டில் வைப்பதே சரி. அதைவிடப் பெரிய ஆபத்து சார்ஜரில். நிக்கல் முறையில் சார்ஜர் வோல்ட் இறங்குவதற்காகக் காத்திருக்கும். லிப்போவில் அந்த இறக்கம் வரவே வராது. 4.2 வோல்ட்டில் நிறுத்த வேண்டியதை நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே போனால் தீப்பிடிக்கும். ஒரே சார்ஜரில் தவறான பொத்தானை அழுத்துவது, வீடே எரிவதற்குக் காரணமாகலாம். அதனால்தான் தீ தாங்கும் பைக்குள் வைத்து, கண் முன்னால் சார்ஜ் செய்யச் சொல்கிறார்கள்.

முடிவாக...

லிப்போ செய்த ஒரு பெரிய நன்மையை மறக்கக் கூடாது. செல் பொறுக்கும் வித்தை பெரும்பாலும் அதன் மவுசை இழந்தது. இரண்டே செல் என்பதால் ஆறைப் பொருத்திப் பார்க்கும் வேலை இல்லை. 5 நிமிடப் பந்தயத்துக்குத் தேவையானதைவிட அதிக மின்சாரமும் உள்ளே இருக்கிறது. நல்ல பேட்டரி இன்றும் விலை அதிகம்தான். ஆனாலும் கடையில் வாங்கியவருக்கும் நிறுவன வீரருக்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. கடைசிச் சுற்றில் கார் படுத்துவிடுமோ என்ற பயமும் போய்விட்டது.

ஆகவே எந்த பேட்டரி சிறந்தது என்று கேட்டால், பந்தயத்துக்கு இன்று லிப்போதான். சார்ஜ் ஆகும்போது பக்கத்தில் இருந்து கவனிக்கப் பெரியவர் யாரும் இல்லாத வீட்டில், சின்னப் பையன் ஓட்டிப் பழக நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடே போதும் என்பேன். எதை வாங்கினாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள் நண்பர்களே. புதிய பேட்டரி வாங்கும்போது, பழையதிடம் கற்றுக்கொண்டதை எல்லாம் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நேற்று சரியாக இருந்ததே என்ற நம்பிக்கைதான் இரண்டு முறையும் மனிதர்களை ஏமாற்றியது.