குதிக்கும் முன் தரையைப் பார்! (விமானம், வாசல், தரை: ஒரு பாராசூட் வரலாறு)

திருச்சியிலிருந்து கரூர் போகும் பஸ்ஸில் ஜீயபுரம் பக்கம் வரும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். வலது பக்கம் காவிரி. கரையெல்லாம் வாழைத்தோட்டம், தென்னந்தோப்பு. கூடவே ஓடும் ரயில் பாதை, உய்யக்கொண்டான் வாய்க்கால், மின்கம்பிகள். கொஞ்சம் தள்ளி முக்கொம்பு, அங்கிருந்து பிரிந்து போகும் கொள்ளிடம். கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியான ஊர்!

இதே ஊருக்கு மேலே, விமானத்திலிருந்து ஒருவர் பாராசூட் கட்டிக்கொண்டு குதித்தால் எங்கே போய் இறங்குவார்?

பாராசூட் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அது விரியாமல் போனால்?" என்பதுதான். நியாயமான பயம்தான். ஆனால் இந்த விளையாட்டின் வரலாற்றைப் புரட்டினால் வேறு மூன்று கேள்விகள் அதே அளவுக்கு உயிர் சம்பந்தப்பட்டவை என்று தெரிகிறது. எந்த விமானம்? எந்த வாசல்? எந்தத் தரை? இந்த மூன்றுக்கும் பதில் தேடிய கதையில் முதல் வரிசையில் நிற்பவர் ஒரு தமிழர். அதுவும் ஒரு டாக்டர்!

முதலில் குதித்த டாக்டர்

அவர் பெயர் ஏ.ஜி. ரங்கராஜ். ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் என்பது முழுப்பெயர். இரண்டாம் உலகப்போர் நேரம். 1941-ல் இந்திய ராணுவத்தில் 50-வது பாராசூட் பிரிகேட் உருவானது. அதில் ஒன்றான 152-வது இந்திய பாராசூட் பட்டாலியனுக்கு அவர்தான் மருத்துவ அதிகாரி. அந்த ஆண்டிலேயே அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் குதித்தார்கள். இந்திய ராணுவத்தில் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் இந்த இருவர்தான்.

ஒரு பட்டாலியன் டாக்டரின் வேலை என்ன? குதித்தவர்களின் சுளுக்கிய கணுக்காலையும் முறிந்த எலும்பையும் கவனிப்பது. அப்படிப்பட்டவர் கீழே கட்டுத்துணியோடு காத்திருக்காமல், தானே முதலில் மேலேறினார் என்பதுதான் விசேஷம்.

பயிற்சிப் பள்ளி டெல்லியில் வில்லிங்டன் விமான நிலையத்தில் தொடங்கியது (இன்றைய சப்தர்ஜங்). 1942-ல் ராவல்பிண்டி அருகே சக்லாலாவுக்குப் போனது. பிரிவினைக்குப் பிறகு ஆக்ராவுக்கு வந்தது. தொடக்கத்தில் கிடைத்த விமானம் விக்கர்ஸ் வாலன்ஷியா. இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட பழைய, மெதுவான சரக்கு விமானம். ஆள் குதிப்பதற்காக யாரும் அதை வடிவமைக்கவில்லை. இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள், அவ்வளவுதான்!

வாசல் என்ற பிரச்னை

அதே காலத்தில் இங்கிலாந்திலும் இதே கதை. 1940 ஜூலையில் ரிங்வே என்ற இடத்தில் பயிற்சி தொடங்கியபோது கொடுத்தது விட்லி என்ற குண்டுவீச்சு விமானம். அதன் தரையில் கிணற்றுத் துவாரம் போல ஒரு ஓட்டை. அதன் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, நேராக உடம்பைக் கீழே விடவேண்டும். கொஞ்சம் பலமாகத் தள்ளிக்கொண்டால் எதிர்விளிம்பில் முகம் மோதும். தயங்கித் தள்ளினால் முதுகில் உள்ள பாராசூட் பை பின்விளிம்பில் தட்டி, உடம்பு முன்னால் சாயும். பாராசூட் விரிவதற்கு முன்பே மூக்கு உடைந்தவர்கள் பலர்!

பயிற்சி தொடங்கிய அதே மாதத்தில் ஒரு வீரர் இறந்தார். பாராசூட்டின் கயிறுகள் சிக்கிக்கொண்டதுதான் காரணம். அதன்பின் மாற்றம் செய்தார்கள். விமானத்தோடு கட்டிய வார் இழுக்கும்போது முதலில் கயிறுகள் முழு நீளத்துக்கு நீளவேண்டும், கடைசியில்தான் குடை விரியவேண்டும் என்று வரிசையை மாற்றினார்கள். ஒரு சின்ன வரிசை மாற்றம். அதனால் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர் எனலாம்.

பிறகு டக்கோட்டா வந்தது. இடது பக்கம் பின்புறமாக அகலமான கதவு. நின்றபடி நடந்து வந்து குதிக்கலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் தயார், பச்சை எரிந்தால் கிளம்பு. ஓட்டையில் விழுவதற்கும் வாசல் வழியாக வெளியேறுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

இங்கே ஒரு சின்னக் கணக்கு. டக்கோட்டா குதிக்கும் நேரத்தில் ஏறக்குறைய ஒரு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பறக்கும். 20 பேர் நொடிக்கு ஒருவராகக் குதித்தால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே சுமார் 1 கிலோமீட்டர். யாராவது ஒருவர் வாசலில் 4 நொடி தயங்கினால், அவருக்குப் பின்னால் வருகிற எல்லோரும் 200 மீட்டர் தள்ளிப் போய் விழுவார்கள்.

இதை ஜீயபுரத்துக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆள் வயலில், ஐந்தாவது ஆள் ரோட்டில், பத்தாவது ஆள் தென்னை மரத்தில், கடைசி ஆள் காவிரியில்!

இது போதாதென்று காற்று வேறு. பழைய வட்டக்குடை பாராசூட் நொடிக்குச் சுமார் 5 மீட்டர் இறங்கும். 1,000 அடியில் குதித்தால் தரைக்கு வர ஏறக்குறைய ஒரு நிமிடம். காற்று நொடிக்கு 5 மீட்டர் வீசினாலே போதும், கால் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் நாட்டில் இதை விளக்கவா வேண்டும்?

சரியான இடத்தில் இறங்கியும் தனியானவர்கள்

தரையைத் தேர்ந்தெடுப்பது ஒரு தனிக்கலை என்று ராணுவங்கள் போரில்தான் கற்றன. 1945 மே 1 அன்று ரங்கூன் ஆற்று முகத்துவாரத்தில் எலிபண்ட் பாயின்ட் என்ற இடத்தருகே கூர்க்கா பாராசூட் வீரர்கள் இறங்கினார்கள். கப்பல்கள் ஆற்றுக்குள் நுழையத் தடையாக இருந்த ஜப்பானியத் துப்பாக்கி நிலைகளை அகற்றுவது வேலை. இதில் கவனிக்க வேண்டியது, பெரும்படைக்கு முன்னதாகவே ஒரு சிறு குழு இறங்கி இடத்தை அடையாளம் காட்டியது. 'முதலில் தரை, பிறகு ஆள்' என்ற பாடம்.

1951 மார்ச் 23. கொரியப் போர். நம் டாக்டர் ரங்கராஜ் இப்போது லெப்டினென்ட் கர்னல். 60-வது பாராசூட் பீல்ட் ஆம்புலன்ஸ் என்ற இந்திய மருத்துவப் பிரிவின் தலைவர். அமெரிக்காவின் 187-வது பாராசூட் படை முன்சான்-நி என்ற ஊரில் குதித்தபோது, கூடவே 12 இந்தியர்களும் குதித்தார்கள். சண்டை போட அல்ல, காயம்பட்டவர்களைக் காப்பாற்ற. அவர்களை வழிநடத்தியவர் ரங்கராஜ்.

இம்முறை விமானங்கள் சி-119, சி-46. இரண்டிலும் வசதியான கதவுகள். பாராசூட்டுகளும் நன்றாகவே விரிந்தன. ஆனால் தரையில் குழப்பம்! வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு இறங்குமிடங்கள் குறித்திருந்தார்கள். தெற்கே இறங்கவேண்டிய பட்டாலியனுக்கு வழிகாட்டிய முதல் விமானம் இன்ஜின் கோளாறால் திரும்பிவிட்டது. பின்னால் வந்தவை வடக்கு இடத்திலேயே ஆட்களைக் கொட்டிவிட்டன. அங்கே ஏற்கெனவே கூட்டம், இப்போது நெரிசல். திரும்பிப்போன தளபதியோ வேறு விமானம் பிடித்து வந்து, திட்டப்படி தெற்கிலேயே குதித்தார். சரியான இடத்தில் இறங்கியது ஒரே ஒரு விமானத்து ஆட்கள். சுற்றிலும் எதிரிகள்! அவர்களை மீட்க வடக்கிலிருந்து ஒரு படைப்பிரிவை அனுப்ப வேண்டியதாயிற்று.

அன்று குதித்ததில் மட்டும் காயமடைந்தவர்கள் எண்பதுக்கும் மேல். அதாவது டாக்டர்களுக்கு முதல் வேலையைக் கொடுத்ததில் தரைக்கும் பங்கு உண்டு. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணியிலும் அவர் உழைத்தார்.

ஏரியில் இறங்கியவர்கள்

போர் முடிந்தபின் பாராசூட் விளையாட்டாக மாறியது. குண்டடி இல்லை, எதிரி இல்லை. ஆனால் தரை மாறவில்லை அல்லவா?

1967 ஆகஸ்ட் 27. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம். பி-25 என்ற பழைய குண்டுவீச்சு விமானத்தில் ஏறிய குழு 20,000 அடியில் குதிக்கத் திட்டமிட்டது. கீழே முழுக்க மேகம், தரை தெரியவில்லை. ரேடார் நிலையத்திலிருந்து கட்டுப்பாட்டு அதிகாரி இடம் சொன்னார். ஆனால் அவர் திரையில் பார்த்தது வேறொரு விமானத்தை! அவர் சொன்னதை நம்பி 18 பேர் குதித்தார்கள். மேகத்தைத் தாண்டி வெளியே வந்தபோது காலுக்குக் கீழே ஈரி ஏரி. கரை பல மைல் தூரத்தில். மிதவை அணிந்திருக்கவில்லை. 16 பேர் இறந்தார்கள், 2 பேரை மட்டுமே மீட்க முடிந்தது. வழக்கு நடந்து, அமெரிக்க அரசு பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தனை பேரின் பாராசூட்டுகளும் வேலை செய்திருந்தால்கூட என்ன பயன்? தரை தெரியாமல் குதிக்காதே என்பது இந்த விளையாட்டின் அடிப்படைப் பாடம். நம் ஊர்ப் பழமொழி இதை என்றோ சொல்லிவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விடாதே!

குதிக்கும் முன்பே வந்த மரணம்

இனி விமானம். 1992 ஏப்ரல் 22 அன்று கலிபோர்னியாவின் பெரிஸ் பள்ளத்தாக்கில் 22 பேருடன் கிளம்பிய ட்வின் ஆட்டர் விமானம், மேலெழுந்த சில நொடிகளிலேயே விழுந்தது. எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்ததால் ஒரு இன்ஜின் சக்தி இழந்தது. 16 பேர் இறந்தார்கள். ஸ்கைடைவிங் விமானங்களில் பொதுவாக இருக்கைகள் இருக்காது, தரையில் நெருக்கியடித்து உட்காருவார்கள். சீட் பெல்ட் போடாத உடம்புகள் மோதலின்போது ஒன்றன்மேல் ஒன்றாக எறியப்பட்டன. 'எப்படியும் குதிக்கத்தானே போகிறோம், பெல்ட் எதற்கு?' என்ற அலட்சியம் அந்த விபத்துக்குப் பிறகுதான் குறைந்தது.

2019 ஜூலை 14 அன்று ஸ்வீடனின் உமியோ நகருக்கருகே இன்னொரு விபத்து. 8 ஸ்கைடைவர்களும் விமானியும், மொத்தம் 9 பேர். குதிக்கும் உயரத்தை நெருங்கும்போது, மேகத்துக்குள் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. எடை பின்பக்கம் அதிகமாக இருந்ததும், வேகம் குறைந்திருந்ததும் காரணங்களில் அடக்கம். எல்லோர் முதுகிலும் பாராசூட் இருந்தது. ஆனால் சுழன்று விழும் விமானத்தில் வாசலுக்கு வர முடியவில்லை. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இதனால்தான் வாசலருகே கூட்டம் கூடாதே என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். பரிசல்காரர் எல்லோரையும் ஒரே பக்கம் உட்கார விடுவாரா? அதே கதைதான். அதேபோல் வாசலுக்கு நகரும்போது பாராசூட் கைப்பிடியைக் கையால் மறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். வாசலில் தற்செயலாக ஒரு பாராசூட் விரிந்தால் அது ஆளையும் இழுத்து, விமானத்தின் வாலிலும் சிக்கி எல்லோரையும் ஆபத்தில் மாட்டிவிடும்.

இன்று குதிக்க விரும்புபவருக்கு

இந்தியாவில் மைசூர், மத்தியப் பிரதேசத்தின் தானா, ஹரியானாவின் நார்னோல் போன்ற இடங்களில் ஸ்கைடைவிங் நடந்திருக்கிறது. பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் 'டேண்டம்' முறைதான் புதியவர்களுக்கு. விளம்பரத்தில் கட்டணமும் வீடியோவும்தான் பெரிதாகத் தெரியும். எங்கே விலை குறைவு என்று தேடுவது மனித இயல்பு. ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு:

1. விமானத்தை யார் பராமரிக்கிறார்கள், எப்போது சோதித்தார்கள்? எல்லோருக்கும் பெல்ட் உண்டா?

2. வாசலில் என்ன செய்யவேண்டும் என்று தரையிலேயே ஒத்திகை பார்க்கிறார்களா? குழுக்களுக்கு நடுவே எத்தனை நொடி இடைவெளி விடுகிறார்கள்?

3. இறங்கும் இடத்தைச் சுற்றி நீர்நிலை, மின்கம்பி, மரம், ரோடு எவ்வளவு தூரத்தில்? வேறு இடத்தில் விழ நேர்ந்தால் அங்கே என்ன இருக்கிறது?

4. காற்று அதிகமானால், மேகம் மூடினால் நிறுத்திவிடுகிறார்களா? 'இன்று முடியாது' என்று வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் உண்டா?

நான்காவது கேள்விதான் மற்ற மூன்றையும்விட முக்கியம். பணத்தைத் திருப்பித் தரத் தயங்காதவரிடம் உயிரை நம்பிக் கொடுக்கலாம்!

மீண்டும் ஜீயபுரம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஜீயபுரத்தில் குதிக்கலாமா? வேண்டாம்! ஆறு, வாய்க்கால், தென்னை, மின்கம்பி, ரயில் பாதை, ரோடு என்று ஒரு இறங்குதளத்தில் என்னென்ன இருக்கக் கூடாதோ அத்தனையும் அங்கே உண்டு. போதாக்குறைக்கு, நகரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு சர்வதேச விமான நிலையம். நல்ல இறங்குதளம் என்பது பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத பொட்டல்காடு. ஊருக்கு அழகு தரும் எதுவும் பாராசூட்காரருக்கு உதவாது.

ஜீயபுரத்துக் காவிரியைக் கரையில் நின்று பார்ப்பதே உத்தமம். குதிக்க ஆசைப்படுபவர் பொட்டலைத் தேடட்டும். போவதற்கு முன் அந்த ஆற்காட்டு டாக்டரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளட்டும். உடைந்த எலும்புக்குக் கட்டுப்போடும் வேலையில் இருந்தவர் அவர். தரை எவ்வளவு கடினமானது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் குதித்தார். தைரியம் என்பது அதுதான். தெரியாமல் குதிப்பதற்குப் பெயர் வேறு.