சுருதி திருத்தும் எந்திரம்

சுருதியைத் தாய் என்றும் லயத்தைத் தந்தை என்றும் இசைவாணர் கூறுவர். பாடி முடித்த பின்னரும் அவ்விரண்டையும் செப்பனிடலாம் என்னும் நிலை தோன்றி அரை நூற்றாண்டுகூட நிறைவடையவில்லை.

தாளமே முதலில் எந்திரத்தின் கைக்குச் சென்றது. 1980இல் அமெரிக்கரான ரோஜர் லின் வெளியிட்ட எல்.எம்.1 என்னும் தாளக்கருவி, விரல் சற்று முந்தியோ பிந்தியோ தட்டிய அடியை அருகிலுள்ள காலக் கட்டத்திற்கு நகர்த்தி வைத்தது. ஒன்றுவிட்டு ஒரு நுண்ணடியைச் சிறிதே தாழ்த்தி, ஊசலாடும் நடையைத் தரும் வசதியையும் அதே கருவியில் அமைத்தவர் அவரே. கோடு கிழித்தவரே கோணலுக்கும் இடம் வைத்தார் எனலாம்.

குரலின் சுருதி அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. அதைப் பிடித்தவர் எண்ணெய்த் துறையில் பணியாற்றியவர் என்பது வியப்புக்குரியது. ஆண்டி ஹில்டபிராண்ட் என்பார், நிலத்தினுள் ஒலியலைகளைச் செலுத்தி, அவை மீளும் முறையால் எண்ணெய் வளத்தைக் கணிக்கும் துறையில் பணியாற்றியவர். அலையின் ஒரு பகுதியை அதே அலையின் மற்றொரு பகுதியோடு ஒப்பிடும் அக்கணக்கே, பாடும் குரல் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதையும் காட்டியது. 1997இல் 'ஆட்டோ டியூன்' வெளிவந்தது. மறு ஆண்டே ஷேர் என்னும் பாடகியின் 'பிலீவ்' பாடலில் திருத்தும் வேகத்தை எல்லைவரை முடுக்கிவிட, குரல் படிப்படியாய்த் தாவியது. குறை மறைக்க வந்த கருவி அன்றே அணியாகவும் ஆயிற்று.

இனி நம் இசைக்கு வருவோம். இக்கருவி, குரலை அருகிலுள்ள சுரத்திற்கு இழுத்து நிறுத்துகிறது. வழக்கமாக அதன் அளவுகோல் பன்னிரு சமப் படிகள். சமமாய்ப் பகுத்தல் நமக்கு அந்நியம் என்று சீறுவார்க்குத் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரை நினைவூட்ட வேண்டும். 1917இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில், 22 சுருதி என்பாரை மறுத்து, ஒரு ஸ்தாயியைச் சம அளவுள்ள 24 சுருதிகளாகப் பகுத்தவர் அவர். எனவே சிக்கல் படிகளின் எண்ணிக்கையில் இல்லை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. அசைவதே அதன் இயல்பு. அளவுகோலில் எத்தனை படிகளை வைத்தாலும், வேகமாய்த் திருத்தும் எந்திரத்திற்கு அந்த அசைவு பிழையாகவே தோன்றும். முன்னர் இதே வழக்கு ஆர்மோனியத்தின்மேல் நடந்தது. சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்ல இயலாத கருவி என்று அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கியது. 1971இல்தான் தடையைத் தளர்த்தத் தொடங்கியது.

மலேசியத் தமிழிளைஞர் இன்று இக்கருவிகளோடு நெருங்கிப் பழகுகின்றனர். யோகி பி - நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' 2006இல் வெளிவந்து, நம் நாட்டுத் தமிழ்ச் சொல்லிசையைக் கடல்கடந்தும் அறிமுகப்படுத்தியது. ஷா ஆலம், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரங்களில் படுக்கையறையே ஒலிப்பதிவுக்கூடமாகக் கொண்ட பிள்ளைகளைக் காண்கிறோம். சொல்லிசைக்குத் தாளக்கட்டு உயிர். அங்கே அடிகளை நேராக்குவதில் யாம் குறை காணோம்.

தேவாரத்தின் நிலை வேறு. தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும் தாளமின்றிப் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும் ஓதுவார் மரபு பிரித்துரைக்கும். சுத்தாங்கத்திற்குக் காலக் கட்டம் ஏது? பொருளுக்கேற்ப நின்று, நீண்டு, இளகிச் செல்வதன்றோ அது? 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, போட்டிகள் ஒலிப்பதிவு வழியே நடைபெற்ற காலத்தில் இவ்வினா எம்மைப் போன்றோர் முன் நேரே வந்து நின்றது. செவிக்குக் குற்றமற்ற பதிவொன்று. சிறு பிசிறுள்ள பதிவொன்று. முன்னதில் பண் இல்லை.

இப்பொழுது எம் மாணவரிடம் திருத்தியது, திருத்தாதது ஆகிய இரண்டையும் கொணருமாறு கூறுகிறோம். வகுப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்து, குரல் எவ்விடத்தில் அசைந்தது, எந்திரம் அதனை எவ்விடத்தில் நிறுத்தியது என்று அவர்களையே குறிக்கச் செய்கிறோம்.