கூரைக்கு மேல் ஐந்து மீட்டர்

மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துப் பாறைமேல் ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் நிற்கிறது. இன்றைய விளக்கம் கட்டப்படுவதற்கு முன் இந்தக் கோயிலின் உச்சியில்தான் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. எவ்வளவு எண்ணெய் ஊற்றினார்கள் என்பதைவிட எவ்வளவு உயரத்தில் ஏற்றினார்கள் என்பதே கடலில் இருந்தவனுக்கு முக்கியம். வயர்லெஸ் அலைக்கும் இதேதான். ஆனால் அலைகள் மீதான அதிகாரம் என்றதும் நாம் வாட் கணக்கை மட்டுமே பார்க்கிறோம். உயரக் கணக்கு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

காலனிய அரசு 1885இல் தந்திச் சட்டம் கொண்டுவந்தது. 1933இன் வயர்லெஸ் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. இதற்கு ஒன்பது வருஷம் முன்புதான், 1924இல், சென்னை மாகாண வானொலிக் கழகம் வெறும் 40 வாட் கருவியைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. சுதந்திரம் வந்தும் சட்டம் மாறவில்லை. பாட்டு கேட்கும் ரேடியோ பெட்டிக்குக்கூட தபாலாபீசில் லைசன்ஸ் கட்டிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1986 நவம்பரில் தமிழகப் போலீஸ் புலிகளின் வயர்லெஸ் கருவிகளைப் பறித்தபோது பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து அவற்றைத் திரும்பப் பெற்றது தனிக்கதை. பேசும் கருவி ஆயுதத்துக்குச் சமமாக அஞ்சப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல், வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் சொன்னது. பொதுச்சொத்துதான், ஆனால் பொதுமக்கள் தொடக்கூடாது என்ற நிலை இன்னும் பத்து ஆண்டு நீடித்தது. 2005 ஜனவரி இறுதியில், சுனாமி நம் கரையை வாரிக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகியிருந்த சமயம் (தற்செயல்தான்), 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டையை உரிமமில்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று விதி வந்தது. கருவியின் திறன் 1 வாட். ஆண்டெனா குவித்துத் தரும் பலனையும் சேர்த்து எந்தத் திசையிலும் 4 வாட். யாராவது குறுக்கிட்டால் பாதுகாப்புக் கேட்க முடியாது. கடைசியாக ஒரு நிபந்தனை: ஆண்டெனா, ‘ஏற்கெனவே உள்ள அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்தின்’ கூரைக்கு மேல் ஐந்து மீட்டருக்குள் இருக்கவேண்டும்.

முதலில் 4 வாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் 5.8 கிகா ஹெர்ட்ஸில் இரு புள்ளிகளுக்கு இடையிலான இணைப்பு என்றால் ஆண்டெனாவின் குவிப்புக்கு வரம்பு கிடையாது. இங்கே 2.4இல் குவித்தாலும் பரப்பினாலும் ஒரே வரம்பு. இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 24 கிலோமீட்டர். அலையை 250 மடங்கு குவிக்கும் கிண்ண ஆண்டெனா ஒன்றை இரு முனையிலும் வைத்தால், கருவி ஒரு வாட்டில் ஆயிரத்தில் பதினாறு பங்கைக் கொடுத்தாலே 4 வாட் கணக்கு நிறைந்துவிடும். அதுவே தாராளமாகப் போதும், வழியில் மறைப்பு இல்லாவிட்டால்.

அந்த ‘மறைப்பு இல்லாவிட்டால்’தான் விஷயம். அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நடுவழியில் புடைத்த ஒரு குழாய்போல அதற்கு வெற்றிடம் வேண்டும். இந்தத் தூரத்துக்கு நடுவில் குறைந்தது 16 மீட்டர். பூமியின் வளைவு 8 மீட்டரைத் தின்றுவிடும். சவுக்குத் தோப்பும் பனையும் 15 மீட்டர் என்று வையுங்கள். ஆக, தரை சமதளம் என்று வைத்துக்கொண்டாலும் இரு முனையிலும் 40 மீட்டர் வேண்டும். குன்று குறுக்கிட்டால் இன்னும் மேலே.

இனி சட்டத்துக்கு வருவோம். பத்து மாடி வைத்திருப்பவன் முப்பது மீட்டர் கட்டடத்தின் மேல் ஐந்து மீட்டர் ஏறலாம். குப்பத்தில் ஒற்றைத்தள ஒட்டு வீட்டுக்காரன் எட்டரை மீட்டரோடு நிற்கவேண்டும். ஓலைக் குடிசைக்கு, பட்டா இல்லாத வீட்டுக்கு, கணக்கே கிடையாது. அது ‘அங்கீகரிக்கப்பட்ட கட்டடம்’ ஆகாது. தாண்டினால் விலக்கு போச்சு, டெல்லிக்கு மனுப் போடவேண்டும். விமானப் பாதுகாப்பு என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. அப்படியானால் தரையிலிருந்து இத்தனை மீட்டர் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? விமானம் மாடி வீட்டைப் பார்த்து ஒதுங்கி, குடிசையைப் பார்த்து இடிக்குமா என்ன? கூரையிலிருந்து அளக்கும் விதி சொத்திலிருந்து அளக்கும் விதி.

மாமல்லபுரம் கரையில் இதன்மேல் இன்னும் இரண்டு கூரைகள் கவிந்திருக்கின்றன. 1991இன் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை கிராமப்புறக் கடலோரத்தில் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடத்தைத் தடுத்தது, அதற்கப்பால் 500 மீட்டர்வரை உயரத்தை 9 மீட்டரில் நிறுத்தியது. 1992இல் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதியானது. ரிசார்ட்டுகளுக்கு எதிராக மீனவர்கள் கையிலெடுத்த சட்டம் முதலாவது. அதை நீக்கச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாக இருக்கும் விதிகள் ஒன்றுசேர்ந்து யாருடைய தலையில் இடிக்கின்றன என்று பார்த்தாக வேண்டும்.

தொழில்நுட்பம் முடியாது என்று யாரும் சொல்லமுடியாது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, 15 கிலோமீட்டர் வரையான இணைப்புகளில் கிராமத்து நோயாளியை மருத்துவருக்குக் காட்டினார்கள். குறுந்தூரத்துக்கென எழுதப்பட்ட மென்பொருளைத் திருத்தியெழுதினார்கள். அங்கே அதிகம் படுத்தியது அலையல்ல, தாறுமாறான மின்சாரம். நம் கரையிலேயே தெற்கே போனால் புதுச்சேரி நல்லவாடு. சுனாமியன்று சிங்கப்பூரிலிருந்து வந்த போன் தகவலைக் கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி ஊருக்குச் சொன்னது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் தப்பினர். தகவல் வெளியிலிருந்து வந்தது, கருவி ஊர்க்காரர்கள் கையில் இருந்தது.

2018இல் 5 கிகா ஹெர்ட்ஸிலும் பெரும்பகுதி உரிம விலக்குப் பெற்றது. 1885, 1933 சட்டங்களுக்கு மாற்றாக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. இதற்கிடையில் செல்போன் கோபுரங்கள் முறைப்படி அனுமதி வாங்கி 40 மீட்டரைச் சாதாரணமாகத் தொட்டுவிட்டன. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இயற்கை ஒரு கோபுரம் கட்டி வைத்திருக்கிறது: திருக்கழுக்குன்றம், சுமார் 500 அடி. அங்கிருந்து இரண்டு ஊருக்கும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இல்லை. ஆனால் அதன் உச்சியில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட கட்டடம் வேதகிரீஸ்வரர் கோயில், அதன் சாவி அறநிலையத் துறையிடம்.