புள்ளியும் வளவும்: செட்டிநாட்டு வரலாற்றை வீடு, விழா, அருங்காட்சியகம் வழியே வாசித்தல்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் பொருட்பட்டியல்களாக முடிகின்றன. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு, ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு என அடுக்கி, கடல் கடந்து ஈட்டிய செல்வத்தின் சாட்சி இவ்வீடு என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். பட்டியலில் தவறில்லை. ஆனால் இந்த வீடுகள் ஏன் இந்த வடிவில் கட்டப்பட்டன, செல்வம் போன பிறகும் அவற்றில் பல ஏன் விற்கப்படாமல் நிற்கின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை கிடைப்பதில்லை. விடை, நகரத்தார் சமூகத்தின் அடிப்படைக் கணக்கு அலகான 'புள்ளி'யில் இருக்கிறது. திருமணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரி, விழா உரிமை, வீட்டின் அறை, தனி உலை ஆகிய அனைத்தும் புள்ளியை வைத்தே எண்ணப்பட்டன. வீட்டை அதன் பருவச் சடங்குகளிலிருந்து பிரித்துப் பார்த்தால் இந்தக் கணக்கு மறைந்துவிடும். சேர்த்துப் பார்த்தால் மட்டுமே வட்டாரத்தின் வரலாறு தெரியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உப்பிலிருந்து தேக்கு வரை

நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. அதன் காலத்தையும் காரணத்தையும் சான்றுகொண்டு உறுதிசெய்வது கடினம். உறுதியாகப் பேச இடம் தருவது, அவர்கள் வந்து குடியேறிய வறண்ட நிலத்தில் அமைத்துக்கொண்ட ஒழுங்கு. இளையாத்தங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது கோயில்களைச் சுற்றி அவர்களுடைய உறவுமுறை வகுக்கப்பட்டது. ஒரே கோயிலையும் பிரிவையும் சேர்ந்தவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் மணவுறவு இல்லை. ஒரு திருமணம் செல்லுபடியாவதற்குக் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். மணமக்கள் வீட்டார் கொடுக்கல் வாங்கலை 'இசைகுடிமானம்' என்ற எழுத்து ஆவணமாகப் பதிந்துகொள்வார்கள். ஆக, ஒரு புள்ளி பிறக்கும் நாளிலேயே கோயிலின் கணக்கிலும் குடும்பத்தின் கணக்கிலும் ஏறிவிடுகிறது.

இந்தச் சமூகத்தின் தொடக்ககால வணிகத்துக்குக் கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளில் பழனியைச் சார்ந்தவை முக்கியமானவை. பழனிக்கு உப்புக் கொண்டுபோய் விற்ற நகரத்தார், ஆதாயத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக ஒதுக்கியதை அவை பேசுகின்றன. 17ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்லும் இந்த ஆவணங்களை, 1994இல் வெளிவந்த தம் நூலில் மானிடவியலாளர் டேவிட் ரட்னர் விரிவாக ஆராய்ந்தார். வணிகமும் வழிபாடும் ஒரே பேரேட்டின் இரு பக்கங்களாக இயங்கின என்பதே அவை உணர்த்தும் செய்தி. தைப்பூசத்துக்குக் காவடியோடு இன்றும் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் யாத்திரை, அந்த உப்பு வணிகத்தின் தடத்தை ஆண்டுக்கொரு முறை மீண்டும் மிதிக்கிறது. உப்பு மூட்டை போய்விட்டது. வழியும் மாதமும் மாறவில்லை.

அடுத்த திருப்பம் 1852. இரண்டாம் ஆங்கில–பர்மியப் போரில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. ஐராவதி வடிநிலம் நெல்வயலாக மாறத் தொடங்கியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அந்த அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கியது. காடு திருத்தும் உழவருக்கு முன்பணம் தர ஐரோப்பிய வங்கிகள் தயங்கிய இடத்தில் செட்டியார் எனப்பட்ட நகரத்தாரின் கடைகள் நின்றன. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, பிறகு ஏஜெண்டாகப் பொறுப்பேற்கும் படிநிலை உருவானது. 'கொண்டுவிக்கப் போதல்' என்று அவர்கள் சொன்ன இந்தப் பயணம் பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கணக்கு. கணக்கு முடிந்தால் ஊர் திரும்புவார்கள். 1930ஆம் ஆண்டையொட்டிப் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இயங்கியதாக மதிப்பிட்டது. இன்று நாம் வியக்கும் பெரிய வீடுகள் எழுந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள். கானாடுகாத்தான் அரண்மனை 1912ஐச் சேர்ந்தது.

வளவு என்னும் கணக்கேடு

இந்த வீடுகளின் தரைப்படம் ஒரே நேர்கோட்டில் போகிறது. தெருவில் திண்ணையும் முகப்பும். அடுத்து செதுக்கு வேலை மிகுந்த நிலை. அதைத் தாண்டினால் நாற்புறமும் தூண்கள் சூழ, வானம் பார்த்த வளவு. பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கிணறு, புழக்கடை. முன்வாசலில் நிற்பவர் பின்வாசல் வழியே அடுத்த தெருவைப் பார்க்கலாம். வந்தவர் கண்ணைப் பறிப்பது முகப்பு. வீட்டின் கருத்தோ வளவில் இருக்கிறது. வளவின் பக்கங்களில் ஒரே அளவில், ஒரே மாதிரியான கதவுகளோடு வரிசையாகச் சிறிய அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு. வெளிச்சம் குறைந்த, ஒரு தம்பதியின் பெட்டிகளும் சாமான்களும் வைத்தால் நிறைந்துவிடும் அறைகள் அவை. ஆயிரம் பேர் கூடிச் சாப்பிடக்கூடிய வீட்டில் ஒரு மகனுக்கு உரிய தனியிடம் இவ்வளவு சிறியதாக இருப்பதற்குச் செல்வச் செருக்கைக் காரணமாகச் சொல்ல முடியாது.

காரணம் 'வேறு வைத்தல்' என்ற வழக்கத்தில் இருக்கிறது. திருமணமான சில காலத்தில் மகனையும் மருமகளையும் தனியே சமைக்க வைத்துவிடுவார்கள். அரிசி, பருப்பு, ஆண்டுச் செலவுக்கான தொகை எல்லாம் அளந்து கொடுக்கப்படும். கூரை பொது, அடுப்பு வேறு. கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே அடுப்பு என்ற எண்ணத்துக்கு இது நேர்மாறானது. வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கத்தைப் புதுத் தம்பதிக்குப் பதியவைப்பதோடு, கணவன் மூன்றாண்டு பர்மாவில் இருக்கும்போது மனைவியான ஆச்சி யாரையும் சாராமல் குடும்பம் நடத்தவும் இது வழிசெய்தது. வளவு அறை ஒரு புள்ளியின் இடம். அடுப்பு அதே புள்ளியின் வரவுசெலவு. வளவின் நடுமுற்றமும் பட்டாலை எனும் கூடமும் எல்லாப் புள்ளிகளுக்கும் பொது. திருமணமும் அறுபதாம் கல்யாணமும் நடப்பது அங்கே. பெண்வீட்டுச் சாமான்களைப் பரப்பிக் காட்டுவதும் கூடத்தில்தான். மழை கூரை வழியே இறங்கி விழும் நடுமுற்றத்தைச் சுற்றிச் சின்ன அறைகள் நிற்கும் அந்த அமைப்பைத் தரையில் விரித்த கணக்கேடு என்றே சொல்லலாம்.

புள்ளியின் பொதுமுகத்தைக் காண நாட்டரசன்கோட்டைக்குப் போகவேண்டும். தைப் பொங்கலுக்கு அடுத்து வரும் முதல் செவ்வாயன்று கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்பு அவ்வூர் நகரத்தார் செவ்வாய்ப் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு புள்ளிக்கு ஒரு பொங்கல். எந்தப் புள்ளி முதற்பானை வைப்பது என்பதை வெள்ளிக்குடத்தில் இட்ட சீட்டுகளைக் குலுக்கி எடுத்து முடிவுசெய்கிறார்கள். அறுபது தூண் வீட்டுக்காரரும் சம்பளத்துக்கு வேலைபார்க்கும் பேரனும் அந்த வரிசையில் ஆளுக்கொரு பானைதான். வளவில் ஒரே அளவில் நிற்கும் அறைகளையும் கோயில் முன்பு ஒரே வரிசையில் பொங்கும் பானைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே எண்ணும் முறையின் இரு வெளிப்பாடுகள் என்பது விளங்கும்.

மூன்று மறுப்புகள்

இதற்கு எதிராக முதலில் சொல்லக்கூடியது, இந்த ஒழுங்கே பர்மாப் பணத்தின் விளைவாக இருக்கலாம் என்பது. செல்வம் பெருகியபோது பாகப்பிரிவினைச் சச்சரவுகளைத் தவிர்க்க வகுத்த ஏற்பாட்டுக்குப் பின்னாளில் பழமை கற்பிக்கப்பட்டிருக்கலாம் அல்லவா? மறுக்க எளிதான வாதம் அன்று. இன்று காணும் பெரிய வளவின் அளவும் பொருளும் பர்மாப் பணம் தந்தவையே. ஆனால் ஓர் ஏற்பாடு பணத்தால் பிறந்ததா என்பதைச் சோதிக்கச் சிறந்த வழி, பணம் போனபின் அது என்ன ஆனது என்று பார்ப்பது. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் அரிசி விலையைச் சரித்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்த இந்தியர் பெருந்திரளாக வெளியேறினர். விடுதலைக்குப் பின் 1948இல் நிலமும், 1963இல் வங்கிகளும் பர்மிய அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பணம் அனுப்பிய ஊற்று அடைபட்டது. ஆனால் புள்ளிக் கணக்கு நிற்கவில்லை. செவ்வாய்ப் பொங்கலும் கோயில் மாலையும் இன்றும் தொடர்கின்றன. செல்வத்தைத் தாண்டி வாழ்ந்த ஏற்பாட்டைச் செல்வத்தின் குழந்தை என்று மட்டும் விளக்கிவிட முடியாது.

இரண்டாவது மறுப்பு முறையியல் சார்ந்தது: சடங்கு காலந்தோறும் மாறுவது, அதன் பின்கதைகள் தொன்மம், அவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா? பிள்ளையார் நோன்பை எடுத்துக்கொள்வோம். திருக்கார்த்திகையில் தொடங்கி 21ஆம் நாள், மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில் நகரத்தார் இந்நோன்பை முடிக்கிறார்கள். புதுக் கோடி வேட்டியிலிருந்து எடுத்த 21 நூலிழைகளைத் திரியாக்கி, இனிப்பு மாவில் நட்டு ஏற்றுகிறார்கள். குடும்பத்தில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவரும் எரியும் சுடரோடு அந்த 'இழை'யை வாயிலிட்டு விழுங்குகிறார்கள். கடலில் திசை தவறிய வணிகர் நாளுக்கு ஓர் இழையாக எண்ணி 21 நாள் காத்திருந்து கரையேறியதாகக் கதை. இந்தக் கதையைக் கொண்டு ஒரு கடற்பயணத்துக்கு ஆண்டு குறிப்பது பிழை. ஆனால் ஒரு சமூகம் எதை மறக்கக்கூடாது என்று முடிவுசெய்தது என்பதற்கு அது நேரடிச் சான்று. நிலத்துக்குள் வறண்ட பகுதியில் வாழும் மக்கள், கடலின் அச்சத்தை ஆண்டுக்கொரு முறை நாக்கில் வைத்து நினைவுகூர்கிறார்கள். சடங்கு சம்பவத்துக்குச் சான்றாகாது, மனப்பாங்குக்குச் சான்றாகும் என்ற எல்லையை மதித்தால் ஆய்வாளர் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சடங்கு மக்களோடு கடலும் கடந்தது: சிங்கப்பூரில் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை 1859இல் எழுப்பியவர்களும் நகரத்தார்தாம். வளவைக் கப்பலில் ஏற்ற முடியாது; தைப்பூசத்தை ஏற்ற முடிந்தது.

மூன்றாவது மறுப்பே கனமானது. ஒரு வணிகச் சமூகத்தின் உள்கணக்கை வட்டார வரலாறு என்று அழைப்பது எப்படிச் சரியாகும்? புள்ளியில் மணமாகாதவருக்குத் தனியிடம் இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட்டைக் கையால் ஊற்றி, காயவைத்து நீரில் ஊறவைத்துத் தரைக்கல் செய்த ஆத்தங்குடித் தொழிலாளியும், நிலையைச் செதுக்கிய ஆசாரியும், சுண்ணாம்பு அரைத்த பெண்ணும் அந்தக் கணக்கில் வரவேயில்லை. கடலுக்கு அப்பால் நிலை இன்னும் கடுமை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930இல் சுமார் 6 விழுக்காடு. மந்தத்தில் கடன் திரும்பாமல் போக, 1937இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடானது. கடன் கொடுத்தவர் நிலத்தைவிடப் பணத்தையே விரும்பினர் என்பது உண்மை. அதனால் நிலமிழந்த உழவரின் துயரம் குறைந்துவிடவில்லை. இந்த மறுப்பை ஏற்றுத்தான் ஆகவேண்டும். ஆனால் ஏற்பதால் வாதம் கவிழ்வதில்லை. யாரெல்லாம் எண்ணப்பட்டார்கள் என்று தெரிந்தால்தான் யாரெல்லாம் எண்ணப்படவில்லை என்று கேட்க முடியும். தேக்குத் தூணை அழகுப்பொருளாக மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அந்தக் கேள்வியே எழாது.

அருங்காட்சியகம் செய்தது, செய்யவேண்டியது

ஒரு வீட்டைக் கட்டியவரின் ஆண்வழியினர் அனைவரும் அதன் பங்காளர்கள். நான்கு தலைமுறைக்குப் பின் பங்குகள் பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. பழுதுபார்க்க ஒருவர் முன்வந்தால் மற்றவர் சம்மதிக்க வேண்டும், விற்பதற்கும் அப்படியே. இழுபறி முடிந்த வீடுகள் பல பிரிக்கப்பட்டு, தூணும் நிலையும் எனாமல் பாத்திரமும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அங்கே ஒரு பொருளுக்கு விலை இருக்கும். எந்த வீட்டு எந்தப் புள்ளியின் சீதனம் அது என்ற செய்தி இருக்காது. இந்தச் சிதறலுக்கு நடுவே தட்சிணசித்ரா செய்த பணி மதிக்கத்தக்கது. 1996 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வணிகர் வீடொன்றைப் பகுதி பகுதியாகப் பெயர்த்துக்கொண்டுவந்து நிறுத்தியது. அதைத் தனியே நிறுத்தாமல் நெசவாளர், குயவர், உழவர் வீடுகளோடு ஒரே வளாகத்தில் வைத்தது, மூன்றாம் மறுப்புக்குக் கட்டடங்களாலேயே சொன்ன பதில். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாடு சேர்ந்தபோது, தனி மாளிகை எதுவும் முன்னிறுத்தப்படவில்லை. வணிகர்களின் ஊர்த்தொகுதி என்றே பதிவானது.

எனினும் பெயர்த்து நிறுத்திய வீட்டில் ஒன்று குறைகிறது: அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஊரிலுள்ள வீடு ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்தாலும், பொங்கலுக்கும் முன்னோர்க்கான படைப்புக்கும் திருமணத்துக்கும் திறக்கப்படுகிறது. பங்கைப் பிரித்து விற்கத் தடையாக இருப்பது பல வீடுகளில் சட்டச் சிக்கல் மட்டும் அல்ல. அந்த நாட்களில் வந்து நிற்க ஓரிடம் வேண்டும் என்ற எண்ணமும்தான். முன்பு கேட்ட இரண்டாம் கேள்விக்கு விடை இதுவே. செல்வம் கட்டிய வீட்டை இன்று பெரும்பாலும் நாட்காட்டியே காத்துநிற்கிறது. ஆகவே பாதுகாப்பு முயற்சி, கட்டடத்தை அளந்து படம் எடுப்பதோடு நின்றுவிடக்கூடாது. வீடு பிரிக்கப்படுவதற்கு முன் எந்த அறை எந்தப் புள்ளிக்கு உரியதாக இருந்தது, யார் எந்த ஆண்டு வேறு வைக்கப்பட்டார்கள், எந்த விழாவுக்கு எந்தப் பட்டாலை பயன்பட்டது என்பதை மூத்த ஆச்சிமார் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும். இசைகுடிமானங்களும் கடைக் கணக்கேடுகளும் படியெடுக்கப்பட வேண்டும். கொத்தரும் ஆசாரியும் பெற்ற கூலிக் கணக்கும் அவற்றோடு சேரவேண்டும். தேக்குத் தூணின் கீழே அருங்காட்சியகம் வைக்கும் பெயர்ப்பலகையில் 'பர்மா' என்று எழுதினால் போதாது. அந்த மரம் வந்த நாட்டில் நெல்வயல் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதும் இரண்டு வரியில் இருக்கவேண்டும். வளவில் ஒரு சிறிய அறையின் கதவைத் திறந்துவைத்து, இங்கே ஒரு தம்பதி தனி உலை வைத்தார்கள், தை மாதச் செவ்வாயில் அவர்களுக்கு ஒரு பானை உண்டு என்று எழுதிவைத்தால், பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைக்குத் தூணின் உயரத்தைவிட அந்த அறையின் அளவு அதிகம் சொல்லும்.